நூற்றில் ஒரு செக்கன்: சுசந்திகாவின் பெருமையும் அவரோடு ஓடியவர்களும்

2009ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆம் திகதி சர்வதேச ஒலிம்பிக் குழு ஒரு முடிவை அறிவித்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் சிட்னி நகரில் ஓடி முடிந்துபோன ஓர் ஓட்டத்தின் வரிசையை அம்முடிவு மாற்றியமைத்தது. பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரின் பெயர் இரண்டாண்டுகளுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. இப்பொழுது இரண்டாமவர் முதல்வரானார். மூன்றாமவராயிருந்த இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க இரண்டாமவரானார். வெண்கலம் வெள்ளியாயிற்று. அவர் ஓரடியும் கூடுதலாக ஓடவில்லை. கடிகாரம் அன்று காட்டிய கணக்கும் மாறவில்லை. இருந்தும் அவருடைய இடம் மாறிற்று.

இந்நிகழ்ச்சி பழைய வினாவொன்றை மீண்டும் எழுப்புகின்றது. ஒரு வீராங்கனையின் பெருமையை எதனைக் கொண்டு அளப்பது? அவர் பெற்ற பதக்கத்தைக் கொண்டா, ஓடிய நேரத்தைக் கொண்டா, அன்றி எதிரே நின்றவர்களின் ஆற்றலைக் கொண்டா? எதிரே நின்றவருள் ஒருவர் நேர்மை தவறியவர் எனப் பின்னர் தெரியவந்தால், அக்கணக்கை எவ்வாறு திருத்துவது?

இவ்வினா விளையாட்டு அரங்குக்கு மட்டும் உரியதன்று. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதம் வட்டவளையைக் கடந்து ஹற்றனை அடையுமுன் றொசல்ல என்னும் சிறு நிலையத்தைத் தாண்டுகின்றது. அதனைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து நிறுக்கும் வேளையைக் கண்டவர்கள் இதனை நன்கறிவர். தராசு எல்லார்க்கும் ஒன்றுதான். ஆயினும் கொழுந்து செழித்த மலையில் நல்ல நிரை வாய்த்தவளும், கவ்வாத்து வெட்டி அண்மையிலே தளிர்த்த மலையில் செங்குத்தான நிரை வாய்த்தவளும் ஒரே நிறையைக் கொண்டுவந்து நிறுத்தினால், இருவரது உழைப்பும் ஒன்றென்று எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்ளமாட்டாள். தராசு நிறையை அறியும், நிரையை அறியாது. பதக்கத்தின் நிலையும் அத்தகையதே. எந்த நிரையில் நின்று அது பெறப்பட்டது என்பதை வரலாறே எடுத்துக் கூறவேண்டும்.

பெண்களின் ரென்னிஸ் ஆட்டத்தில் இவ்விவாதம் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கின்றது. பிரான்ஸ் நாட்டின் சுசான் லெங்லன் விம்பிள்டனில் ஆறு முறை ஒற்றையர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஹெலன் வில்ஸ் எட்டு முறை பெற்றவர். எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் வில்ஸ் மேலானவர். ஆனால் இவ்விருவரும் ஒற்றையர் ஆட்டத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எதிரெதிரே நின்றனர். 1926ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி கான் நகரில் நடந்த அவ்வாட்டத்தில் லெங்லன் 6-3, 8-6 என்ற கணக்கில் வென்றார். அவ்வாண்டிலேயே அவர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார். வில்ஸ் அப்பொழுது வளர்ந்துவந்த இளம் ஆட்டக்காரி. மூன்றாண்டு கழித்து இருவரும் மோதியிருந்தால் முடிவு யாதாகியிருக்கும் என்பதற்கு விடை கிடையாது.

இதனினும் கடினமானது ஸ்டெஃபி கிராஃபின் வரலாறு. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி ஹம்பேர்க் நகரில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், மொனிக்கா செலஸ் என்னும் பத்தொன்பது வயது வீராங்கனையை ஒருவன் கத்தியாற் குத்தினான். அதற்குள் எட்டுப் பெரும் பட்டங்களை வென்றிருந்த செலஸ், ஈராண்டுக்கு மேல் ஆடுகளத்துக்கு வரவில்லை. கிராஃப் தம் வாழ்நாளிற் பெற்ற ஒற்றையர் பெரும் பட்டங்கள் 22. அவற்றுள் 11 அந்நாளுக்கு முன் பெற்றவை. 11 பின் பெற்றவை. பின்னைய பட்டங்களை எதிரி இல்லாத களத்தில் எடுத்தவை என்று சிலர் குறைத்துப் பேசினர். ஆனால் நடந்த குற்றத்தில் கிராஃபுக்கு எப்பங்கும் இல்லை. செலஸ் மீண்டு வந்த 1995இல் ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் இருவரும் மோதியபொழுது கிராஃபே வென்றார். எதிரியின் இன்மை ஒரு கேள்வியை எழுப்பலாம், அதுவே தீர்ப்பாகிவிடாது.

இவ்விரு கதைகளையும் மனத்திற்கொண்டு சுசந்திகாவின் வரலாற்றை நோக்குவோம். அவர் 1975ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள அத்னாவல என்னும் கிராமத்திற் பிறந்தார். எளிய குடும்பம். 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று அவர் ஆசியாவின் கவனத்தைக் கவர்ந்தார்.

மூன்றாண்டு கழித்து, 1997 ஓகஸ்ட் மாதத்தில், அதென்ஸ் நகரில் உலக மெய்வல்லுநர் போட்டி நடைபெற்றது. 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் உக்ரேனின் ஜன்னா பின்துசெவிச் 22.32 செக்கனில் முதலாவதாக வந்தார். சுசந்திகா 22.39 செக்கனில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவர் யமேக்காவின் மேர்லின் ஒட்டி; அவர் எடுத்த நேரம் 22.40 செக்கன். 1993இலும் 1995இலும் இதே ஓட்டத்தில் உலக வெற்றியாளராக விளங்கியவர் ஒட்டி. அத்தகையவரை, உலக அரங்கின் இறுதி வரிசையில், இலங்கைக் கிராமத்துப் பெண்ணொருத்தி நூற்றில் ஒரு செக்கனால் முந்தினார்.

நூற்றில் ஒரு செக்கன் என்பது எவ்வளவு? 200 மீற்றரை 22.39 செக்கனில் ஓடுபவர் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்பது மீற்றர் செல்கின்றார். ஆகவே அச்சிறு காலத்துள் அவர் கடக்கும் தூரம் ஒன்பது சென்ரிமீற்றர். ஏறக்குறைய ஐந்து விரற்கடை. ஐந்து விரற்கடையால் இலங்கைக்கு உலகப் போட்டியின் முதற் பதக்கம் வெள்ளியாகக் கிட்டியது.

அடுத்த ஆண்டு இருள் சூழ்ந்த ஆண்டாயிற்று. 1998இல் சுசந்திகாமீதே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருடைய பெருமையை ஆராய்வோர் இச்செய்தியை மறைத்தல் தகாது. விடுவிக்கப்பட்டார் என்பதை விடுத்துக் குற்றச்சாட்டை மட்டும் கூறுதலும் தகாது. அவ்வாண்டு இறுதியில் பேங்கொக் நகரில் நடந்த ஆசிய விழாவில் இலங்கையின் புகழைக் காத்தவர் தமயந்தி தர்ஷா. 200 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரண்டிலும் அவர் தங்கம் வென்றார். 200 மீற்றரை அவர் ஓடிய நேரம் 22.48 செக்கன். ஒரே சிறிய தீவில், ஒரே காலத்தில், ஆசியாவை வெல்லத்தக்க இருவர் இருந்தனர் என்பது இலங்கை விளையாட்டு வரலாற்றின் அரிய செய்தியாகும்.

இனிச் சிட்னிக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆம் திகதி. 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் நின்றவர் எண்மர். அவர்களுள் மூன்று நாட்களுக்கு முன்னர் 400 மீற்றரில் தங்கம் வென்று ஆஸ்திரேலியாவையே ஆர்ப்பரிக்கச் செய்த கதி ஃபிறீமன் இருந்தார். அதென்ஸில் சுசந்திகாவை முந்திய பின்துசெவிச் இருந்தார். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் இருந்தார். ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலாவதாக வந்தார். பஹாமாஸ் நாட்டின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27, சுசந்திகா 22.28, யமேக்காவின் பெவர்லி மக்டொனால்ட் 22.35. ஃபிறீமனும் பின்துசெவிச்சும் இவர்களுக்குப் பின்னரே வந்தனர்.

அதென்ஸில் நூற்றில் ஒரு செக்கன் சுசந்திகாவுக்கு வெள்ளியை ஈந்தது. சிட்னியில் அதே நூற்றில் ஒரு செக்கன் அவரிடமிருந்து வெள்ளியைப் பறித்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்ற பின், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்று கிட்டிற்று. இந்நாட்டுப் பெண்ணொருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுவே. 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் முடியும்வரை இவ்விருவரையும் தவிர இலங்கையர் வேறெவரும் ஒலிம்பிக் பதக்கம் பெற்றதில்லை.

சிட்னியில் மூன்று தங்கமும் இரண்டு வெண்கலமுமாக ஐந்து பதக்கங்களைக் குவித்த மரியன் ஜோன்ஸ், 2007 ஒக்ரோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தைப் பயன்படுத்தியது பற்றி விசாரணையாளரிடம் பொய் கூறியதாக அவர் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு டிசெம்பரில் ஒலிம்பிக் குழு அவருடைய சிட்னிப் பதக்கங்களைப் பறித்தது. ஆனால் அவற்றை யாருக்கு வழங்குவது என்பதை முடிவுசெய்ய மேலும் ஈராண்டு சென்றது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஒருவர் நீங்கினால் அடுத்தவர் தாமாகவே மேலேறுவார் என்று ஒலிம்பிக் குழு கொள்ளவில்லை. சிட்னியின் 100 மீற்றர் ஓட்டத்திலும் ஜோன்ஸே முதல்வர். இரண்டாவதாக வந்தவர் கிரேக்க நாட்டின் கத்தரீனா தானு. 2004இல் அதென்ஸ் ஒலிம்பிக்கின் தறுவாயில் ஊக்கமருந்துச் சோதனைக்கு வராது தவறியவர் தானு. ஆதலின் 100 மீற்றரின் தங்கத்தை அவருக்கு வழங்க ஒலிம்பிக் குழு மறுத்தது. அத்தங்கம் எவர்க்கும் வழங்கப்படவில்லை. 200 மீற்றரிலோ டேவிஸ்-தொம்சனுக்குத் தங்கமும், சுசந்திகாவுக்கு வெள்ளியும், மக்டொனால்டுக்கு வெண்கலமும் வழங்கப்பட்டன. ஆகவே 2009இல் வந்த வெள்ளி, வெற்றிடத்தை நிரப்பிய வெறுங்கணக்கு என்று கூறுதல் பொருந்தாது. ஆராய்ந்த பின்னரே அது அளிக்கப்பட்டது.

இனி எதிர்வாதத்தையும் கேட்டல் வேண்டும். சுசந்திகாவின் 22.28 செக்கன் உலகின் மிகச் சிறந்த நேரங்களுள் ஒன்றன்று. 1988இல் சியோல் நகரில் ஃபுளோரன்ஸ் கிறிஃபித் ஜோய்னர் ஓடிய உலக சாதனை நேரம் 21.34 செக்கன். மேர்லின் ஒட்டி 1991இல் 21.64 செக்கனில் ஓடியவர். ஒலிம்பிக் பதக்கங்கள் ஒன்பதைத் தம் வாழ்நாளிற் பெற்றவர். ஆசியாவிலேயே சுசந்திகாவை விஞ்சிய நேரம் உண்டு. சீனாவின் லீ சுவேமெய் 1997இல் ஷங்காய் நகரில் 100 மீற்றரை 10.79 செக்கனிலும், 200 மீற்றரை 22.01 செக்கனிலும் ஓடினார். கடிகாரத்தை மட்டும் நீதிபதியாக அமர்த்தினால் சுசந்திகா இவர்களுக்குப் பின்னே நிற்பார். இதனை மறுத்தற்கில்லை.

ஆனால் கடிகாரம் தராசைப் போன்றது, நிரையை அறியாதது. லீ சுவேமெய் தம் நாட்டின் களத்தில் அந்நேரங்களைப் பதித்தாரேயன்றி, ஒலிம்பிக்கிலோ உலகப் போட்டியிலோ தனியோட்டப் பதக்கம் எதனையும் பெறவில்லை. வேகம் ஓர் ஆற்றல். உலகின் சிறந்த எண்மர் பக்கத்துத் தடங்களில் நிற்க, குறித்த நாளில், குறித்த நாழிகையில் அவ்வேகத்தை வெளிக்கொணர்தல் மற்றோர் ஆற்றல். சுசந்திகா தம் வாழ்நாளின் மிகச் சிறந்த 200 மீற்றர் நேரத்தைச் சிட்னியின் இறுதி ஓட்டத்திலேயே ஓடினார் என்பது இவ்விரண்டாம் ஆற்றலுக்குச் சான்று.

இதே மண்டலத்தின் மற்றொரு மாபெரும் வீராங்கனை இந்தியாவின் பி. ரி. உஷா. 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் ஐந்து தங்கங்களையும், அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விழாவில் நான்கு தங்கங்களையும் வென்றவர் அவர். ஆசியத் தங்கங்களின் எண்ணிக்கையில் சுசந்திகா அவரை எட்டவில்லை. ஆனால் 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் உஷா 55.42 செக்கனில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த உருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. அங்கும் நூற்றில் ஒரு செக்கன். அந்த ஒன்று உஷாவைப் பதக்க மேடைக்கு வெளியே நிறுத்தியது. அதனால் உஷா சிறியவராகிவிட்டாரா? இல்லை. அவ்வாறாயின், அதே அளவான ஒன்று கைகொடுத்ததனால் மட்டும் சுசந்திகா பெரியவராகிவிட்டார் என்றும் கூறவியலாது. ஐந்து விரற்கடை ஒரு நாளின் வெற்றியைத் தீர்மானிக்கலாம். ஒரு வாழ்நாளின் பெருமையைத் தீர்மானிக்க அது போதாது.

வாழ்நாளின் பெருமைக்கு நீண்ட கோல் வேண்டும். அக்கோலைப் பிடித்துப் பார்த்தால் சுசந்திகாவின் உயரம் தெளிவாகத் தெரியும். 1997இல் உலகப் போட்டியில் வெள்ளி. 2000இல் ஒலிம்பிக் பதக்கம். 2002இல் பூசான் ஆசிய விழாவில் 100 மீற்றர் தங்கம். அதன்பின் பலர் அவரை மறந்திருந்த வேளையில், 2007இல் அம்மான் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் 100, 200 மீற்றர் இரண்டிலும் தங்கம். அதே ஆண்டு ஓகஸ்டில் ஒசாக்கா உலகப் போட்டியில், 22.63 செக்கனில் வெண்கலம். அங்கு அவருக்கு முன்னே வந்தவர் இருவர்: அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ், யமேக்காவின் வெரோனிக்கா கம்பல். சுசந்திகாவுக்கு அப்பொழுது முப்பத்தோரு வயது. அதென்ஸில் அவர் ஒட்டியின் தலைமுறையோடு ஓடினார். சிட்னியில் ஜோன்ஸின் தலைமுறையோடு ஓடினார். ஒசாக்காவில் ஃபீலிக்ஸின் தலைமுறையோடு ஓடினார். பத்தாண்டு இடைவெளியில் மூன்று தலைமுறைகளோடும் பொருதி மூன்று முறையும் பதக்க மேடை ஏறினார். 100, 200 மீற்றர் ஓட்டங்களில் ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலுமாக மூன்று தனிப் பதக்கங்களைப் பெற்ற ஆசியப் பெண் அவரையன்றி வேறொருவர் இல்லை.

ஆகவே தீர்ப்பு யாது? உலகம் முழுவதையும் ஒரு களமாகக் கொண்டால் ஒட்டியும் ஃபீலிக்ஸும் அவரினும் உயர்ந்தவர்கள். ஆசியாவை ஒரு களமாகக் கொண்டால், வேகத்தில் லீ சுவேமெய்யும், தங்கங்களின் தொகையில் உஷாவும் அவரை விஞ்சுவர். ஆனால் குறுந்தூர ஓட்டத்தில் உலக அரங்கின் இறுதி வரிசையில் நின்று வென்ற ஆசியப் பெண்களுள் முதலிடம் சுசந்திகாவுக்கே உரியது. இத்தீர்ப்புக்கு மரியன் ஜோன்ஸின் வீழ்ச்சி தேவையில்லை. ஜோன்ஸின் பெயரை ஏட்டில் வைத்துக்கொண்டு எண்ணினாலும், நீக்கிவிட்டு எண்ணினாலும், ஃபிறீமனும் பின்துசெவிச்சும் அன்று அவருக்குப் பின்னரே வந்தனர்.

எனினும் ஜோன்ஸ் செய்த தவறு பறித்த ஒன்றை எவ்வாணையும் மீட்டுத்தர இயலாது. 22.27 செக்கனில் ஓடி முடித்த வேளையில் டேவிஸ்-தொம்சனுக்கு வயது முப்பத்து நான்கு. தமது நாட்டின் கீதம் ஒலிக்க மேடையின் உச்சியில் நிற்கவேண்டிய அந்த நாழிகை, ஒன்பது ஆண்டு கழித்து வந்த அறிவிப்பிலே இல்லை. சுசந்திகா இரண்டாம் படியில் நின்றிருக்கவேண்டிய நாழிகையும் அத்தகையதே. நாலாவதாக வந்த மக்டொனால்டோ அன்று மேடைக்கே அழைக்கப்படவில்லை. ஏமாற்றியவர் எடுத்துச் சென்றது உலோகத்தை மட்டுமன்று. மற்றவரின் ஒரு நாளையும் எடுத்துச் சென்றார். உலோகத்தைத் திருப்பித் தரலாம். நாளைத் திருப்பித் தருதல் எவர்க்கும் இயலாது.

மலைநாட்டில் சமதரை அரிது. சரிவை வெட்டிச் சமமாக்கிய சிறு திடலே பல பாடசாலைகளுக்கு விளையாட்டு மைதானம். நேர்கோட்டில் நூறு மீற்றர் காண்பதும் அங்கு அருமையே. அத்தகைய திடலில் ஓடப் பழகும் சிறுமி ஒருத்தி, மாவட்டப் போட்டியில் நான்காவதாக வந்து தலைகுனிந்து நிற்கக்கூடும். அவளுடைய ஆசிரியரும் பெற்றோரும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, எத்தனையாவதாக வந்தாய் என்பதன்று. யாருடன் ஓடினாய், எந்தத் தரையில் ஓடினாய், சென்ற ஆண்டு எத்தனை செக்கனில் ஓடினாய் என்பவையே அவளை அளக்கும் கோல்கள். அவற்றால் அளந்தால், நான்காம் இடத்துக்குள்ளும் வளர்ச்சி ஒன்று தென்படலாம்; அதனைக் கண்டுகொண்ட சிறுமி அடுத்த ஆண்டும் ஓட வருவாள்.